பத்து எட்டு தள்ளி ஒரு குச்சி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். புதியம்புத்தூர் ரெடிமேட் கம்பெனியில் பதினாறு வருஷமாக செக்கிங் டேபிளில் நிற்கிறவள் வேறு எப்படி இருப்பாள்? நைட்டியைத் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தைத்தவளிடமே திருப்பி அனுப்புவது என் வேலை. "மாரிசெல்வி அக்கா கண்ணுக்கு எறும்புகூடத் தப்பாது" என்று பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

அந்தக் கண்தான் என்னைப் பறவைகளிடம் கொண்டுபோய் விட்டது. என் வீட்டுக்காரர் செல்வகணேஷ், கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கப் போகிறேன் என்று செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா வாங்கி, இரண்டே கல்யாணத்தில் அலுத்துப்போய்ப் பீரோ மேல் வைத்துவிட்டார். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் போனேன். உளுந்து எடுத்த கரிசல் காட்டில் ஒன்றுமே இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பத்து நிமிஷம் சும்மா நின்றால் மண்கட்டி ஒன்று எழுந்து நடக்கும். அது வானம்பாடி. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

எனக்குச் சில சட்டங்கள் உண்டு. அறுபது எட்டு வைக்கும் தூரத்துக்கு மேல் கூட்டுக்குக் கிட்டே போக மாட்டேன். இடத்தை யாருக்கும் சொல்ல மாட்டேன். பீரங்கி மாதிரி லென்ஸோடு காரில் வந்து, செல்போனில் குருவிச் சத்தம் போட்டுக் குருவியை ஏமாற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். அவர்கள் பார்த்த கூடு உருப்படாது. நான் அப்படியில்லை என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாசி மாதம் கல்கவுதாரி முட்டையைக் கண்டேன். புறா அளவுப் பறவை. அது உட்கார்ந்தால் காடுதான் தெரியும், பறவை தெரியாது. பெட்டை எழுந்து நாலு அடி நகர்ந்தபோது, மாட்டுக் குளம்பு பதிந்த சின்னப் பள்ளத்தில் மூன்று முட்டைகள் கிடந்தன. கூடென்று ஒரு துரும்புகூட இல்லை. குஞ்சு பொரித்துவிட்டால் ஆண் கவுதாரி கண்மாய்க்குப் பறந்துபோய், நெஞ்சு இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு திரும்பி வரும். குஞ்சுகள் அந்த ஈர இறகைச் சப்பித் தாகம் தீர்க்கும். இதைப் படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. வெயில் காயும் இந்தக் காட்டில் ஒரு தகப்பன் தன் நெஞ்சில் தண்ணீர் சுமந்து வருவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஏங்கிப்போனேன். மூன்று வாரம் முட்டை பத்திரமாக இருந்தால் போதும்.

அடுத்த ஞாயிறு வந்தபோது இடம் தெரியாமல் அரைமணி நேரம் தடுமாறினேன். எறும்பு தப்பாத கண்ணுக்கு மூன்று முட்டை தப்பிவிட்டது. தெரியாமல் மிதித்துவிடுவேனோ என்ற பயத்தில், கண்டுபிடித்ததும் அன்று மட்டும் என் சட்டத்தை மீறி, முட்டைக்குப் பத்து எட்டு வடக்கே தள்ளி ஒரு கருவைக் குச்சியை நட்டேன். என் பையில் எப்போதும் கம்பெனி கட்டிங் வேஸ்ட் துணி கிடக்கும், லென்ஸ் துடைக்க. அதில் ஒரு மஞ்சள் துண்டை எடுத்துக் குச்சி நுனியில் கட்டினேன்.

ரோட்டுக்கு வந்தால் சோலைராஜ் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கம் செம்மறிக் கிடை கொண்டு அலைகிறவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், நான் பார்க்கும்போதெல்லாம் தோளில் தழை பறிக்கிற தொரட்டி ஒன்று இருக்கும்.

"என்ன தாயி, கல்கவுதாரியா?" என்றார்.

எனக்குப் பகீரென்றது. இந்த ஆட்டுக்காரர்கள் கண்ணி வைத்துப் பிடித்துச் சுட்டுத் தின்றுவிடுவார்கள் என்று எனக்குள் ஒரு தீர்மானம். யார் சொன்னது, எப்போது பார்த்தேன் என்று கேட்டால் பதில் கிடையாது.

"இல்லண்ணாச்சி. சும்மா, மேகத்தை எடுத்தேன்."

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். அன்றைக்கு அங்கே மேகமே இல்லை. "சரி தாயி" என்று ஆடுகளுக்குப் பின்னால் போய்விட்டார்.

திரும்பும் வழியில் ரோட்டோரப் புஞ்சை ஒன்றைப் பார்த்தேன். போன மாதம் கிடை மறித்த இடம். ராத்திரி வலைக்குள் ஆடுகளை அடைத்துப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் விழுந்து நிலம் உரமாகும். அதற்காகத்தான் கிடையைக் கூப்பிடுவது. அந்தப் புஞ்சையில் விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும் புழுக்கை விழாமல் வெறும் மண்ணாகக் கிடந்தது. வேலை சுத்தம் பத்தாது, நம் டேபிளுக்கு வந்திருந்தால் சாக்பீஸ் போட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.

மூன்றாவது ஞாயிறு காலையில் ரோட்டில் வண்டியை நிறுத்தும்போதே ஆட்டுவாடை அடித்தது. உளுந்துக் காட்டில் வலை கட்டிய கம்புகளைச் சோலைராஜ் பிடுங்கிக்கொண்டிருந்தார். காடு குளம்பு பட்டுப் பொடியாகிக் கிடந்தது. கிடையின் வடக்கு மூலையில் என் குச்சி மஞ்சள் துணியோடு நின்றது. அறுபது எட்டுச் சட்டமெல்லாம் மறந்து ஓடினேன். பள்ளம் இருந்த இடம்கூடத் தெரியவில்லை. புழுக்கைக்கு நடுவில் நகம் அளவு ஓட்டுச் சில்லு ஒன்றும், கொஞ்சம் காய்ந்த மஞ்சள் கருவும்தான் மிச்சம்.

"கண்ணு இல்லையா உங்களுக்கு?" என்று கத்தினேன். "முட்டை கிடக்கிறது தெரியாம இருநூறு ஆட்ட ஏத்தியிருக்கீங்களே!"

சோலைராஜ் கம்பைக் கீழே போட்டுவிட்டு வந்தார். என் கையில் இருந்த சில்லைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. அவர் பதில் சொல்வதற்குள் டிவிஎஸ்ஸில் பூவனலிங்கம் வந்து இறங்கினார். அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர்.

"ஏவே சோலைராஜு, நான் எங்கன குச்சி நட்டேன், நீரு எங்கன மறிச்சிருக்கீரு? மண்ணு செத்துக் கெடக்கது மேக்கால மூலையில! அந்தா நிக்கி பாரும் என் குச்சி!"

நானும் திரும்பிப் பார்த்தேன். மேற்கே தூரத்தில் ஒரு குச்சி. அதன் நுனியிலும் ஒரு மஞ்சள் துணி. எங்கள் கம்பெனிக் கட்டிங் வேஸ்டால் வண்டி துடைக்காத வீடு இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை.

"குச்சிய பாத்துதான் மறிச்சேன் அண்ணாச்சி" என்றார் சோலைராஜ். "வார வழியில ஒரு ஆடு குட்டி போட்டுட்டு, பொழுது அடஞ்சுபோச்சு. கெழக்க இருந்து வந்தா இந்தக் குச்சிதான் மொதல்ல கண்ணுல பட்டுச்சு."

"முப்பது வருசமா கிடை போடுத ஆளுக்கு மூலை தெரியலயாக்கும். சோம்பேறித்தனம், வேறென்ன? கிட்டக்க கெடந்த எடத்துல மறிச்சிட்டு சால்ஜாப்பு சொல்லுதீரு."

சோலைராஜ் தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

"அண்ணாச்சி, அவர ஏசாதீங்க" என்றேன். "அது நான் நட்ட குச்சி. கவுதாரி முட்டைக்கு அடையாளம். அறுவது எட்டு தள்ளி நின்னு பாக்கதுக்கு."

பூவனலிங்கம் என்னையும் கேமராவையும் ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல அடையாளம் போட்டியம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மேற்கு மூலையைப் பார்க்க நடந்துவிட்டார்.

சோலைராஜ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன்.

"கிடைக்குக் குச்சி நட்டா என்ன அர்த்தம் தெரியுமா தாயி? நெலத்துக்காரர் நடந்து பாத்துட்டாரு, பள்ளம் இல்ல, பாம்புப் பொந்து இல்ல, முட்ட இல்ல, தைரியமா மறின்னு அர்த்தம். குச்சி இல்லன்னா நானே ஒரு சுத்து நடந்து பாத்துட்டுத்தான் வலை கட்டுவேன். நேத்து இருட்டுல குச்சிய நம்பிட்டேன்."

"முட்டைய பாத்திருந்தா?"

"விட்டு மறிப்போம். போன மாசம் ரோட்டோரப் புஞ்சையில ஒரு ஆக்காட்டி முட்ட கெடந்துச்சு. சுத்தி முள்ளு போட்டு, கட்டில் அகலத்துக்கு விட்டுத்தான் மறிச்சேன். குஞ்சு பொரிச்சு, நாலும் ஓடியே போச்சு." கீழே போட்ட கம்பை எடுத்துக்கொண்டே, "அன்னைக்கு ஒங்ககிட்ட கேட்டேனே தாயி" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சாக்பீஸ் போட நினைத்த வெறும் மண்தான் அது. இந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று முட்டையும் இருந்திருக்கும். கூட்டைக் கெடுக்கிறவர்கள் என்று ஊரையெல்லாம் ஏசிக்கொண்டு திரிந்தவள் நான். கடைசியில் வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. ஆணும் பெட்டையும் கிடைக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தன. நடப்பதும், நிற்பதும், திரும்பி வருவதுமாக இருந்தன. கேமரா கழுத்தில்தான் தொங்கியது. அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

குச்சியைப் பிடுங்கி முறித்துப் போட்டேன். கிளம்பும்போது சோலைராஜ் கூப்பிட்டு என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். எதற்கு என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அதற்குப் பிறகு நாலு ஞாயிறு நான் எங்கேயும் போகவில்லை. கேமரா மறுபடியும் பீரோ மேல் ஏறிவிட்டது. "ஒனக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று செல்வகணேஷ்கூடக் கேட்டார்.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது.

"தாயி, சோலைராஜ் பேசுதேன். ஒங்க கவுதாரி மறுபடி உக்காந்திருக்கு. அதே சோடிதான்னு நெனைக்கேன். ஓடைக்கு அங்கிட்டு, கல்லாங்காட்டுல. மூணு முட்ட. கிடைய அந்தப் பக்கம் கொண்டுபோகல. ஞாயித்துக்கெழம வாரீயளா?"

சோற்றுக் கையோடு எழுந்து வெளியே வந்துவிட்டேன். "வாரேண்ணாச்சி. அவ்வளவு பெரிய காட்டுல எடத்த எப்படிக் கண்டுபிடிக்க? எதாவது அடையாளம்..." என்று கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் சோலைராஜ் சிரித்தார்.

"குச்சியெல்லாம் நடல தாயி. அறுவது எட்டு தள்ளி நானே நிக்கேன். வாங்க."