பாசியின் மூச்சு

தேவசேனாவுக்குத் தன் பாசியின் மேல் இருந்த நம்பிக்கை, பெற்ற பிள்ளையின் மேல் தாய்க்கு இருப்பதைவிட ஒரு பிடி அதிகம். பிள்ளையாவது வளர்ந்ததும் ஊர் சுற்றப் போய்விடும். பாசி கண்ணாடிக் குழாய்க்குள்ளேயே கிடக்கும், வெயிலைத் தின்னும், சொன்ன வேலையைச் செய்யும். செய்கிறதா இல்லையா என்பதில்தான் இப்போது வழக்கு.

மலைமேல் வில்பட்டியில் காசிநாதனின் பூந்தோட்டத்தை ஒட்டிய கொட்டகைதான் அவளுடைய ஆய்வுக்கூடம். உள்ளே ஆள் உயரக் குழாய்களில் நீலப்பச்சைப் பாசி. பாசி என்பது வாய்ப்பழக்கம். உண்மையில் அது வெயிலை வைத்துத் தனக்குத் தானே சமைத்துக்கொள்ளும் ஒரு பாக்டீரியா. அதற்குள் வேறொரு பாக்டீரியாவின் மரபணுவைச் செருகி, எத்திலீன் வாயுவை வெளிவிடும்படி அவள் பழக்கியிருந்தாள். பிளாஸ்டிக் செய்ய, எரிபொருள் ஆக்க, இன்னும் நூறு காரியங்களுக்கு உலகம் இந்த வாயுவைப் பூமிக்கடியில் தோண்டிய எண்ணெயிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்கிறது. வெயிலும் காற்றும் தண்ணீரும் போதும் என்பது தேவசேனாவின் கட்சி.

இப்படிப்பட்ட ரகங்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எத்திலீன் செய்வது பாசிக்குக் கூடுதல் சுமை. கூட்டத்தில் ஏதோ ஒன்று தற்செயலாக அந்த மரபணுவைக் கெடுத்துக்கொண்டால், சுமை இறங்கிய தெம்பில் மளமளவென்று பெருகும். கொஞ்ச நாளில் குழாய் முழுக்கச் சோம்பேறிகள்தான். பார்வைக்கு அதே பச்சை, வேலை மட்டும் நடக்காது.

கார்த்திகையில் குழாயில் விட்ட ரகம் குளிர்காலத்தைத் தாண்டிப் பங்குனிக்கு வந்துவிட்டது. ஆனால் மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பிய வாயுப்பைகளில் ஒன்றுமே இல்லை என்று பதில் வந்தது. மலைப்பாதையில் குலுங்கிப் பை கசிந்திருக்கும் என்றாள் அவள். ரகம் சோம்பேறியாகிவிட்டது என்றார் திட்டத்தின் தலைவர் சிவமுருகன்.

"வெள்ளிக்கிழமை நானே மேல வர்றேன். கண்ணுக்கு முன்னால காட்டுங்க. இல்லைன்னா மொத்தத்தையும் அழிச்சிட்டு வேற சோலியப் பாப்போம்" என்று போனை வைத்துவிட்டார்.

காட்டுவதற்கா அவளுக்கு வழி தெரியாது? மலைவாழை விளையும் பெரும்பாறையில் பிறந்தவள். வாழைக்காய் பழுப்பதே எத்திலீனால்தான். இரண்டு டிரம்களில் பச்சை மலைவாழைச் சீப்புகளை அடுக்கி மூடினாள். ஒன்றுக்குள் தன் ரகத்தின் மூச்சுக்காற்று போகும். மற்றதற்குள் மரபணு செருகாத சாதாரணப் பாசியின் மூச்சுக்காற்று. முதல் டிரம் பழுக்க வேண்டும், அடுத்தது காயாகவே இருக்க வேண்டும். இருக்கும் என்று அவள் சத்தியமே செய்வாள்.

வெள்ளிக்கிழமை வெள்ளனே வந்து சேர்ந்த சிவமுருகன் இரண்டு மூடிகளையும் தானே திறந்தார். இரண்டு டிரம்களும் மஞ்சள் மஞ்சளாகச் சிரித்தன.

"ரெண்டும் பழுத்திருக்கே தேவசேனா?" என்றவர், சாதாரணப் பாசியின் டிரம்மிலிருந்து ஒரு பழத்தை உரித்து வாயில் போட்டார். "பழம் நல்லாத்தான் இருக்கு. ஆராய்ச்சிதான் நல்லா இல்ல."

தேவசேனா தானும் ஒரு பழத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். மல்லிகை ஊதுபத்தி வாசம் குப்பென்று வந்தது. அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். சுவர்ப்பலகையில் பழனியாண்டவர் படம். படத்துக்கு நேர் கீழே, எல்லாக் குழாய்களுக்கும் காற்றை உறிஞ்சி அனுப்பும் பம்ப்.

தினமும் காலையில் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் அவள் வேலையைத் தொடங்குவாள். இந்த வாரம் காரியம் பெரிது என்பதால் ஒரு பத்திக்குப் பதில் ஒரு கொத்தையே கொளுத்தியிருந்தாள். டிரம்முக்குள் ஊதுபத்தியைக் கொளுத்தி மூடினால் வாழை பழுக்கும், அந்தப் புகையிலும் எத்திலீன் உண்டு என்பது பெரும்பாறையில் தவழும் பிள்ளைக்கும் தெரிந்த வித்தை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். இங்கே பிள்ளையாரின் தம்பியே முன்னின்று நடத்திவைத்துவிட்டார்.

"தப்பு என்னோடது சார். பத்திப்புகை பம்ப் வழியா ரெண்டு டிரம்முக்கும் போயிருக்கு."

"ஊதுபத்தி வாழையப் பழுக்கவைக்கும்னு மறந்துட்டீங்களா?"

"மறக்கல சார். கை அதுபாட்டுக்குக் கொளுத்திருச்சு."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவள் குரல் இறங்கவில்லை. "சாயங்காலம் வரைக்கும் இருங்க சார். பூவ வச்சுக் காட்டுறேன்."

காசிநாதன் வளர்க்கும் கார்னேஷன் பூவுக்கு எத்திலீன் என்றால் எமன். வாழையைப் போல நாட்கணக்கில் யோசிக்காது; சில மணி நேரத்தில் இதழ்கள் உள்பக்கமாகச் சுருண்டுவிடும். தேவசேனா பம்ப்பைத் தூக்கி வெளியே வாசல் பக்கம் வைத்தாள். பிறகு வேலியைத் தாண்டிக் காசிநாதனிடம் போனாள்.

"அண்ணே, ரெண்டு கொத்துக் கார்னேஷன் வேணும்."

"எதுக்கும்மா? வீட்டுல விசேசமா?"

"இல்லண்ணே. சாகடிச்சுப் பாக்க."

காசிநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "காலைல வெட்டுன பூவும்மா அது" என்று முணுமுணுத்தபடியே கொடுத்தார்.

இரண்டு கண்ணாடி ஜாடிகளில் பூக்களை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாசியின் காற்றைத் திருப்பினாள். வாயு நீர்த்துப்போகாமல் சேரட்டும் என்று பம்ப்பின் வேகத்தைக் குறைத்தாள். வெயில் நன்றாக அடித்தது. சிவமுருகன் டீக்கடைக்குப் போய்விட்டு வந்தார், மறுபடியும் போனார். மதியத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து கூரையை மூடிக்கொண்டது. வெயில் இல்லாவிட்டால் பாசிக்கு வேலை இல்லை. அப்போதுதான் அவளுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. பூ சுருளாவிட்டால் இத்தனை குழாய்களையும் தன் கையாலேயே கொன்று கொட்ட வேண்டும்.

பனி கொஞ்சம் விலகி, கொஞ்சம் மூடி, போக்குக் காட்டியது. வெயில் சாயும் வேளையில் அவளுடைய ரகத்தின் ஜாடியில் ஓரத்து இதழ்கள் உள்ளே மடிந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கொத்து முழுவதும் தூக்கம் பிடித்ததுபோலக் கூம்பியது. மற்ற ஜாடியில் பூக்கள் காலையில் வெட்டியது போலவே நின்றன.

சிவமுருகன் குழாய்களைத் தொட்டுத் தொட்டு எது எங்கே போகிறது என்று சரிபார்த்தார். பம்ப்பையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இன்னைக்கு வேலை செய்யுது, ஒத்துக்குறேன். குளிர்காலம் பூரா செஞ்சுதுன்னு எப்படி நம்புறது?"

தேவசேனா ஜாடிகளின் குழாய்களைக் கழற்றத் தொடங்கினாள்.

தன் பூவின் கதி என்ன ஆயிற்று என்று பார்க்க வந்த காசிநாதன் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு உள்ளே வந்து கூம்பிய கொத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

"ஏம்மா, எம் பின்பாத்தியிலயும் பூவு இப்படித்தான சுருண்டு கெடக்கு! நானும் மருந்தடிச்சு மருந்தடிச்சு ஓஞ்சு போனேன்."

விறுவிறுவென்று கொட்டகையின் பின்பக்கம் போனார். மிச்சக் காற்றை வெளியேற்றும் குழாய், நேராகப் பூச்செடிகள் நிற்கும் அவருடைய பிளாஸ்டிக் கூரைப் பாலிஹவுஸின் திறந்த பக்கத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"அடப்பாவிகளா! இந்தச் சோலிதான் பாத்தீகளா இங்க?"

தேவசேனாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர் வயிற்றில் அடித்திருக்கிறோம் என்று குறுகுறுத்தது. அதே நேரம், கட்டுப்படாத ஒரு சந்தோஷம் நெஞ்சை முட்டியது.

சிவமுருகன்தான் நிதானமாகக் கேட்டார். "எந்த மாசத்துலருந்துண்ணே இப்படிச் சுருளுது?"

"கார்த்திகைலருந்து! ஒரு வாரம் விட்டுச்சா? தெனம் தெனம் சாவுது!"

சிவமுருகன் தேவசேனாவைத் திரும்பிப் பார்த்தார். ரகத்தைக் குழாயில் விட்டதும் அதே கார்த்திகையில்தான்; காலையில் கொளுத்தும் ஒற்றைப் பத்திக்கு ஒரு பாத்தியையே சாகடிக்கும் தெம்பு கிடையாது. அவள் தலையை ஆட்டினாள்.

"செத்த பூவுக்கு யாரு பதில் சொல்லுவா?"

"நாங்க சொல்றோம்ண்ணே. குழாய இன்னைக்கே திருப்பிடுறேன்" என்றாள் தேவசேனா.

"இன்னைக்கென்ன இன்னைக்கு, வெரசா இப்பவே திருப்புங்க!"

அவள் ஸ்பானரை எடுத்துவந்து நட்டைத் தளர்த்தத் தொடங்கினாள். காசிநாதன் திட்டிக்கொண்டே நின்றார். சிவமுருகன் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.