அஞ்சாந்தேதி சீர்

ஞாயிற்றுக்கிழமை மதியம். பேத்தமங்களா ஏரிக்கரையில் ஒரு புளியமரத்தடி. பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் பொரித்த மீனையும் நறுக்கிய வெங்காயத்தையும் வைத்துக்கொண்டு பிரதாப் குடும்பம் உட்கார்ந்திருந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் சுமா சூடு பொறுக்காமல் விரலை ஊதிக்கொண்டே, “ப்பா, சக்கத்தா இருக்குது, இன்னும் ஒண்ணு வாங்கலாமா?” என்றாள்.

“வாங்கலாம். உங்கம்மாவ கேளு. இந்த மாசத்து சந்தோஷப் பங்கு அவகிட்டதான் இருக்குது.”

ராதிகா பர்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, “ஒண்ணு இன்னா, ரெண்டு வாங்கு. மீதி வெச்சா அடுத்த மாசத்துக்கு ஆவாது” என்றாள்.

சந்தோஷப் பங்கு என்பது அந்த வீட்டுச் சட்டம். அது வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

பிரதாப் பெங்களூரில் லிஃப்ட் மெக்கானிக். விடிவதற்கு முன்னே கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் வீடு திரும்ப விளக்கு வைத்த பிறகும் ஒரு மணி நேரமாகும். ராதிகா ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். அவர்கள் குடியிருக்கும் வீடு, தங்கச் சுரங்கத்தை மூடியபோது, அங்கே வேலை பார்த்த பிரதாப்பின் அப்பா தசரதன் கைக்கு வந்த பணத்தில் வாங்கியது. ஒன்பது வருடங்களுக்கு முன் அந்த வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போனது. எட்டு லட்சம் ரூபாய், பதினைந்து வருடத் தவணை, ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி.

அப்பா இறந்த பிறகு பிரதாப்புக்குக் கடன் என்ற ஒன்றைத் தவிர வேறு நினைப்பு இல்லாமல் போனது. சீக்கிரம் கட்டி முடிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் நிறுத்தினான். ரயிலில் டீ இல்லை. ஞாயிறு கறி இல்லை. கல்யாணம் காட்சிக்குப் போனால் மொய் வைக்க வேண்டுமே என்று அங்கேயும் போகவில்லை. ராதிகாவும் பொறுத்துக்கொண்டாள், ஐந்து வருடத்துக்கு முன் ஒருநாள் சுமாவின் டீச்சரைக் கடைவீதியில் பார்க்கும் வரை.

“உங்க பாப்பாவுக்கு பஸ்ல போனா வாந்தி வருமாமே, டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?” என்று டீச்சர் கேட்டார்.

சுமாவுக்கு எந்த பஸ்ஸிலும் வாந்தி வந்ததில்லை. பள்ளிக்கூடத்துப் பிக்னிக்குக்கு முந்நூறு ரூபாய் கேட்டால் அப்பா முகம் மாறும் என்று அந்த ஆறு வயதுக் குழந்தை தானாக ஒரு பொய்யைக் கண்டுபிடித்திருந்தது.

அன்று இரவு ராதிகா சண்டை போடவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, “கடன் தீர்றதுக்குள்ள இந்தப் புள்ள வளந்து போயிடும். அப்புறம் வூடு நம்மளுதா இருந்து இன்னா பண்றது?” என்று மட்டும் கேட்டாள். மறுநாள் பிரதாப்பே சட்டம் போட்டான். மாதத் தவணை போக, ஓவர்டைமில் வருவதை நாலாகப் பிரிப்பது. மூன்று பங்கு வங்கிக்கு. ஒரு பங்கு சந்தோஷத்துக்கு. அந்த ஒரு பங்கை மிச்சம் பிடிக்கக் கூடாது, அந்த மாதமே செலவழித்துவிட வேண்டும்.

வங்கியில் கட்டும் கூடுதல் பணத்தை ஒவ்வொரு முறையும் அசலில் கழிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தான். தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்பான். இந்தப் பக்கம் சுமா சைக்கிள் கற்றுக்கொண்டாள், ராதிகா ஸ்கூட்டர் கற்றுக்கொண்டாள், மூன்று பேரும் இரண்டு தடவை கடல் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், வீட்டில் சிரிப்பு வந்த பிறகுதான் கடன் வேகமாகக் கரைந்தது. முன்பு ஓவர்டைம் என்றாலே அலுத்துக்கொண்டவன் இப்போது தானாகக் கேட்டு வாங்கிச் செய்தான். பதினைந்து வருடக் கடனில் ஒன்பதாவது வருடத்திலேயே ஒரு லட்சத்துப் பத்தாயிரம்தான் பாக்கி. ஆறு மாதத்தில் முடித்துவிடலாம்.

அந்த நேரத்தில்தான், ஏரிக்கரையில், தங்கச்சி மமதாவிடமிருந்து போன் வந்தது.

மமதாவை ராபர்ட்சன்பேட்டையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். அவள் மகன் ராகவுக்கு மூன்று வயது.

“அண்ணா, ராகவுக்கு காது குத்து வெச்சிட்டாங்க. அடுத்த மாசம், பெரிய மண்டபம்.” அவள் குரல் தயங்கியது. “எங்க ஓரகத்தியோட அண்ணன் அவங்க புள்ளைக்கு மூணு சவரன் செயின் போட்டு, அம்பத்தியோரு தட்டு சீரு, பேண்டு செட்டோட வந்தாரு. மாமியார் அதையே சொல்லிக்கினு இருக்காங்க. நீ தாய்மாமன். அதுக்குக் கொறைஞ்சா நான் இங்க தலை நிமிர முடியாது.”

“கவலைப்படாத. பண்ணிடலாம்” என்றான் பிரதாப். ராதிகாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீன் ஆறிப்போயிருந்தது.

மூன்றரை லட்சமாவது ஆகும். திங்கட்கிழமை மதியம், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் லிஃப்ட் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டான். அதே வீட்டின் மேல் இன்னொரு கடன் வாங்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ‘ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு உடனே தருகிறோம்’ என்று அடிக்கடி கூப்பிடும் ஏஜெண்டுக்கு அவனே போன் போட்டான். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இனி ஒரே ஒரு ஓ.டி.பி. நம்பர்தான் பாக்கி. கடனில் ராதிகாவும் கையெழுத்துப் போட்டவள் என்பதால் அந்த நம்பர் அவள் போனுக்குப் போனது.

மூன்றரை லட்சம், ஏழு வருடம் என்று மெசேஜிலேயே இருந்தது. ராதிகா அந்த நம்பரை யாருக்கும் சொல்லவில்லை.

ராத்திரி அவன் வந்ததும் காபியைக் கையில் கொடுத்து, எதிரே உட்கார்ந்தாள். “மூணரை லட்சம். இன்னும் ஏழு வருஷம். சரிதானே?”

“தங்கச்சி மானம், ராதிகா.”

“அவளுக்குத் தெரியுமா?”

“இன்னா தெரியணும்?”

“இந்த வூடு யார் கல்யாணத்துக்காக அடமானம் போச்சுன்னு.”

பிரதாப் காபியைக் கீழே வைத்தான். மமதாவின் கல்யாணத்துக்குத்தான் அந்த எட்டு லட்சம். மண்டபம், நகை, இரண்டு ஊருக்குச் சாப்பாடு. பெரிய இடத்துச் சம்பந்தம் என்று தசரதன் தலைகால் புரியாமல் செலவழித்தார். ‘பொண்ணுக்கு மட்டும் தெரியக் கூடாதுடா, மாமியார் வூட்ல எளக்காரமா பூடும்’ என்று மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவர் போன பிறகும் அந்தச் சத்தியம் வீட்டில் இருந்தது.

“அப்பாகிட்ட சொன்ன வார்த்த” என்றான்.

“மாமா பாசத்துல கேட்டாரு. நான் தப்பு சொல்லல. ஆனா மமதா உங்கள பாத்து, எங்கண்ணனுக்கு இன்னா கொறைச்சல்னு நெனச்சிக்கினு இருக்குது. அதான் தைரியமா கேக்குது. நம்ம கஷ்டம் தெரிஞ்சா கேக்குமா? நம்ம சுமா டீச்சர்கிட்ட பொய் சொல்லிச்சே, அந்த மாதிரி பொய்யதான் நீங்க ஒம்போது வருஷமா உங்க தங்கச்சிகிட்ட சொல்லிக்கினு இருக்கீங்க.”

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் பிரதாப் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நேராகப் பாத்திரக் கடைக்குப் போனான். மமதாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தான். ஆனால் கல்லாவில் அவள் மாமியார் சௌந்தரம் உட்கார்ந்திருந்தார், மமதாவும் பக்கத்திலேயே நின்றிருந்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. போனால் இனி எப்போதும் சொல்ல மாட்டோம் என்று அவனுக்கே தெரிந்தது. நின்ற இடத்திலேயே சொன்னான். கல்யாணக் கடன், வீட்டுப் பத்திரம், ஐந்தாம் தேதி, மீதி இருக்கும் ஆறு மாதம், எல்லாம் சொன்னான்.

“என்னால முடிஞ்ச சீர நான் கொண்டாரேன் மமதா. கடன் வாங்கி கொண்டார மாட்டேன்.”

மமதாவின் முகம் வெளுத்துப்போனது. “ஏண்ணா இத்தினி வருஷமா சொல்லல? என்ன யாரோன்னு நெனச்சியா?” என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் பின்னால் போய்விட்டாள். சௌந்தரம் ஒரு குடத்தை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். பிரதாப் வெளியே வந்தான். தங்கச்சியை இழந்துவிட்டோமோ என்ற பயம் இருந்தது. அதே சமயம், தோளிலிருந்து பெரிய மூட்டை இறங்கினாற்போலவும் இருந்தது.

அதற்குப் பிறகு காது குத்து நாள் வரை மமதா போன் செய்யவில்லை.

எந்த மாதத்துச் சந்தோஷப் பங்கும் செலவாகாமல் மீதி இருக்கவில்லை. ஆகவே ராதிகா சட்டத்தை ஒரு முறை வளைத்தாள். அடுத்து வரும் மூன்று மாதச் சந்தோஷத்தை இந்த மாதத்து வங்கிப் பங்கிலிருந்து முன்கூட்டியே எடுத்துக்கொண்டாள். “மருமவன் காது குத்துக்கு மேல இன்னா சந்தோஷம்?” என்றாள். குழந்தைக்குச் சின்னதாகத் தங்கக் கம்மல், பட்டு வேட்டி சட்டை, மமதாவுக்கு ஒரு புடவை, பழங்கள், பூ, கற்கண்டு. மொத்தம் பதினொரு தட்டு. பிரதாப்புடன் தினமும் ரயிலில் போகும் ஆபிரகாமும் அவர் மனைவியும் இன்னும் சிலரும் ஆளுக்கு ஒன்றிரண்டு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேண்டு செட் இல்லை. சுமா மட்டும் பள்ளிக்கூடத்தில் கற்ற பாட்டை முணுமுணுத்துக்கொண்டே முன்னால் நடந்தாள்.

மண்டப வாசலில் சௌந்தரத்தின் தங்கை தங்கம்மா நின்றிருந்தார். தட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, “தாய்மாமன் சீரு இவ்ளோதானா, இல்ல மிச்சம் பின்னாடி வண்டில வருதா?” என்றார். சுற்றி நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பிரதாப்புக்குக் காது மடல் சூடானது. ஆனாலும் தட்டை இறக்காமல் நின்றான்.

உள்ளேயிருந்து மமதா வேகமாக வந்தாள். அண்ணன் கையிலிருந்த தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தங்கம்மா பக்கம் திரும்பினாள்.

“மிச்சம் பின்னாடி வரலம்மா, முன்னாடியே வந்துட்டுது. எங்கண்ணன் ஒம்போது வருஷமா எனக்கு சீர் செஞ்சிக்கினு இருக்குது. மாசா மாசம் அஞ்சாந்தேதி. நான்தான் கணக்கு தெரியாம இன்னும் கேட்டுக்கினு இருந்தேன்.”

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பிரதாப்பின் மடியில் ராகவ் உட்கார்ந்து, காதில் ஊசி இறங்கியபோது மண்டபமே அதிரக் கத்தினான். அடுத்த நிமிடமே கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு மாமனின் மீசையைப் பிடித்து இழுத்தான். அன்று பிரதாப் மூன்று பந்தி பரிமாறினான், நாலாவது பந்தியில் ரசித்துச் சாப்பிட்டான்.

ஒரு வாரம் கழித்து மமதா வீட்டுக்கு வந்தாள். கையில் நாற்பதாயிரம் ரூபாய். “என் சேமிப்பு. கடன்ல போடு.” பழைய பிரதாப்பாக இருந்தால் கோபித்துக்கொண்டு திருப்பியிருப்பான். இந்தப் பிரதாப், “கொடு, ரெண்டு மாசம் முன்னாடியே முடிச்சிடலாம்” என்று வாங்கிக்கொண்டான். அண்ணனும் தங்கச்சியும் அப்பாவைப் பற்றிப் பேசி அழுதார்கள், சிரித்தார்கள்.

சொன்னபடியே ஆறாவது மாதத்துக்குப் பதில் நாலாவது மாதமே கடன் முடிந்தது. பத்திரம் வாங்கப் போனபோது மமதாவும் கூட வந்தாள். வங்கிக்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைக் கொடுத்தார். ராதிகா அதைப் பிரித்து, மாமனாரின் கோணல்மாணல் கையெழுத்தைத் தடவிப் பார்த்தாள். சுமா, “இனிமே நம்ம வூடு நம்மளுதாப்பா?” என்று கேட்டாள். “செங்கல் செங்கலா நம்மளுது” என்றான் பிரதாப். வாழ்க்கையில் அவ்வளவு நிமிர்ந்து அவன் ஒரு படிக்கட்டு இறங்கியதில்லை.

மைசூர்பாகு வாங்கிக்கொண்டு எல்லாரும் பாத்திரக் கடைக்குப் போனார்கள். சௌந்தரம் ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். வாயில் போடவில்லை. மற்றவர்கள் ராகவோடு விளையாடப் போனதும் பிரதாப்பைக் கிட்டே கூப்பிட்டார்.

“தம்பி, உன்கிட்ட சொல்றதுக்கு இன்னா. இந்தக் கடை மேலயும் கடன் இருக்குது. பெரியவன் புள்ளைக்கு பண்ண விசேஷம், இப்ப இந்தக் காது குத்து மண்டபம், எல்லாமே கடன்தான். எங்கூட்டுக்காரருக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ரெண்டு வருஷமா சரியா சோறு எறங்கல. நீ அன்னிக்கு கடைல நின்னு சொன்னியே, அப்ப எனக்கு உன் மேல கோவம் வரல. பொறாமையா இருந்துச்சு. நீ எப்டி இத முடிச்ச? அப்பவும் உங்கூட்ல எல்லாம் சிரிச்சிக்கினுதானே இருந்தீங்க.”

பிரதாப்புக்கு அந்தக் கடையின் பளபளப்பு முழுவதும் சட்டென்று வேறு மாதிரித் தெரிந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“அத்த, மொதல்ல இன்னிக்கே மமதாவையும் பெரிய மருமகளையும் உக்கார வெச்சி சொல்லிடுங்க. கடன் இருக்குதுன்னு சொல்றது கேவலமில்ல. அத மறைக்கறதுக்கு இன்னொரு கடன் வாங்கறோம் பாருங்க, அதுதான் குடும்பத்த சாப்பிடுது. கைக்கு வர்றதுல பெரும்பங்க அசலுக்குக் கட்டுங்க. கொஞ்சத்த எடுத்து வூட்டோட சந்தோஷமா செலவு பண்ணுங்க, பயப்படாதீங்க. நம்ம சந்தோஷத்துக்கு பண்ண செலவு மனசுல தங்கிடும். ஊரு பாக்கணும்னு பண்ண செலவு மட்டும்தான் அத்த, வட்டியோட திரும்பி வரும்.”

சௌந்தரம் கையிலிருந்த மைசூர்பாகை வாயில் போட்டு மென்றுகொண்டே உள்பக்கம் திரும்பி, “மமதா, பெரியவளையும் கூட்டிக்கினு இங்க வாம்மா, ஒரு விஷயம் சொல்லணும்” என்று குரல் கொடுத்தார்.