கிண்டிப் பார்க்காத பார்சல்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஸெய்னுலாப்தீனின் கடை. முன்பாதியில் குரக்கன் மா, சிவப்பரிசி, கித்துள் பனையின் பாணி, காய்ந்த பலாக்கொட்டை. பின்பாதியில் ஓர் அடுப்பும் இரண்டு மேசைகளும். முன்னால் விற்கிற மாவில்தான் பின்னால் பிட்டு அவிப்பார்கள். நகரத்தில் குண்டு வெடித்து, தமிழ்ப் பையன்களைப் பிடித்துக்கொண்டு போகத் தொடங்கிய பிறகு, அந்த அடுப்புக்கு இன்னொரு வேலையும் வந்தது: தடுப்புக் காவலில் இருப்பவர்களுக்குப் பார்சல் கட்டுவது.

அதற்கென்று ஒரு முறை இருந்தது. தடுப்பு முகாமின் வாசலில் நிற்கிற பொலிஸ்காரன் சாப்பாட்டைக் கரண்டியால் கிண்டிப் பார்ப்பான். உள்ளே எதுவும் ஒளிந்திருக்கக் கூடாது. ஆகவே உதிர்ந்த சாப்பாடுதான் சேதமில்லாமல் உள்ளே போகும். எவ்வளவு கிண்டினாலும் பிட்டு பிட்டாகவே இருக்கும். சம்பலைத் திறந்தபடி பக்கத்தில் வைக்க வேண்டும். பிறகு, நஞ்சில்லை என்று காட்ட, கொண்டுவந்தவர் அவன் கண்முன்னே ஒரு வாய் சாப்பிட வேண்டும். கைதியின் பங்கு அதில் குறைந்துவிடக் கூடாதென்று, ஸெய்னுலாப்தீன் இலையின் மூலையில் ஒரு பிடியைத் தனியாக வைப்பார்.

கலஹாத் தேயிலைத் தோட்டத்து அழகம்மா, தன் தம்பி முத்துலிங்கத்துக்காக இங்கேதான் பார்சல் வாங்குவாள். கடைக்காரரை அண்ணன் முறையில் நானா என்றும், அவர் மனைவியை அக்கா முறையில் ராத்தா என்றும் கூப்பிடுவாள். தம்பியின் முகத்தைப் பொலிஸ் அவளுக்கு ஒரு நாளும் காட்டவில்லை. பார்சல் உள்ளே போனால் ஆள் இருக்கிறான் என்று எடுத்துக்கொள்வாள்.

ஒரு நாள், பார்சலைக் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்தவள் முன்பாதியிலேயே நின்றாள்.

"குடுத்தீங்களா தங்கச்சி?" என்றார் ஸெய்னுலாப்தீன்.

"குடுத்தேன் நானா. கிண்டவே இல்ல. என்னையும் சாப்புடச் சொல்லல. வாங்கி மேசைக்கு அடியில வச்சிட்டான்."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி றம்லத் சிரித்தாள். "ஒங்கட மொகம் பழகிட்டுப் போல. இனி அவன் பொண்ணு கேட்டு வருவான், பாருங்க."

ஸெய்னுலாப்தீன் சிரிக்கவில்லை. "புது ஆளா?"

"இல்ல. அதே மீசக்காரன்தான்."

அவர் தராசுத் தட்டைத் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது. "இரிங்க. வாய்க்கு ஒண்டும் போகல்ல தானே."

பிட்டும் சம்பலும் பால் விடாத பிளேன்ட்டியும் வந்தன. அழகம்மா சாப்பிட்டாள். சூடாக இருந்தது, வேறொன்றும் தெரியவில்லை. மென்றபடியே யோசித்தாள், யாரோ வேறொருத்தியின் கணக்கைப் பார்த்துக் கொடுப்பதுபோல. உள்ளே போகிற சாப்பாட்டைத்தான் கிண்டுவார்கள். உள்ளே போகாததைக் கிண்டி என்ன ஆகப்போகிறது?

"நானா, ஆள் இல்லாட்டியும் வாங்கி வச்சுக்குவாங்களா?"

"எப்பிடிச் சொல்ற தங்கச்சி? சோம்பல்லயும் கிண்டாம விட்டிருப்பான்."

"ரெண்டும் இருக்கலாம்."

"ஓ, இருக்கலாம்."

அவள் விரலை நக்கிவிட்டு நிமிர்ந்தாள். "நாளைக்கு லவாரியா வைங்க."

லவாரியா என்றால், இடியப்பத்தைப் பிழிந்து, நடுவில் பாணியில் கிண்டிய தேங்காய்ப்பூவை வைத்து, இரண்டாக மடித்து அவிப்பது. உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாது. தடுப்புப் பார்சலில் அவர் ஒருபோதும் வைக்காத பண்டம்.

"அத பிச்சு நாசமாக்கிப்போடுவானே!"

"பிக்கட்டும் நானா. எவ்வளவு சோம்பேறியா இருந்தாலும் மூடுன பொருள அப்பிடியே உள்ள விடமாட்டான். பிச்சான்னா தம்பி இருக்கான்."

றம்லத் அகப்பையோடு வாசற்படிக்கு வந்தாள். இப்போது அவளும் சிரிக்கவில்லை. "பிக்காம வாங்கி வச்சான் எண்டா, தங்கச்சி?"

அழகம்மா கடைசிப் பிடி பிட்டைச் சம்பலில் ஒற்றினாள்.

"அப்ப அவனத் தேடி வேற வாசல்ல போயி நிக்கணும், ராத்தா."

ஸெய்னுலாப்தீன் சாக்கிலிருந்து ஒரு தேங்காயை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தார். தண்ணீர் சலசலத்தது. றம்லத்திடம் கொடுத்தார்.

"இனிப்பக் கூட்டிப் போடவா?" என்றாள் றம்லத்.

"தம்பிக்கு இனிப்புப் புடிக்கும்," என்று சொல்லிவிட்டு, அழகம்மா கை கழுவப் போனாள்.