சிவப்புத் தடத்தில் நின்ற வண்டி

என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வேன்கள் இந்தச் சாலையில் ஓடுகின்றன. கை காட்டியவரை விட்டுவிட்டு எங்கள் வண்டி போனதாக எவனும் சொன்னதில்லை. மழை கொட்டினாலும், உள்ளே நிற்க இடம் இல்லாவிட்டாலும், வெளியே ஒரு கை உயர்ந்தால் கால் பிரேக்குக்குப் போகும். எங்கள் குடும்பத்துக்குப் பெயர் வந்தது அதனால்தான்.

நகரத்துக்குள் மட்டும் ஓடிய விரைவுப் பேருந்தை எல்லை தாண்டி எங்கள் ஊர்வரை நீட்டப் போகிறார்கள் என்றதும் வேன் உரிமையாளர் சங்கம் கொதித்தது. சாலையின் நடுவே சிவப்புச் சாயம் பூசிய தனித் தடம் போட்டார்கள். இடுப்புயர மேடை வைத்து நிறுத்தங்கள் கட்டினார்கள். நடுவில் யார் கூப்பிட்டாலும் அந்த வண்டி நிற்காதாம். அதை ஓட்ட என் மகளே போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து நான் அவளோடு நேராகப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை அவள் அம்மாவிடம் சொல்வேன். மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

சோதனை ஓட்டத்தன்று காலையும் அப்படித்தான்.

“அவளைச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு,” என்றேன்.

“எனக்கே காது கேக்குது,” என்றாள் மகள். “அம்மா, நீயும் அவர்கிட்ட சொல்லிடு. இன்னிக்கு அதிகாரி என் பின்னாடியே உக்காந்து வருவாங்க. வழியில எவன் கை காட்டி நான் நின்னாலும் வேலை போச்சு. பயிற்சியிலயே ரெண்டு தடவை, நம்ம வேன் ஓட்டின பழக்கதோஷத்துல நின்னுட்டேன்.”

“நான் என்ன தபால்காரியா? ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துப் பேசித் தொலைங்க,” என்றாள் என் மனைவி.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கறுப்புக் கொடியோடு ஓரமாக நிற்போம், தடத்தில் ஒருவனும் கால் வைக்கமாட்டான் என்று காவல் ஆய்வாளருக்கு வாக்குக் கொடுத்திருந்தவன் நான். எங்கள் சங்கத் தலைவர் வாக்குக் கொடுத்தால் யாரும் நம்புவதில்லை என்பதால் என்னைக் கொடுக்கச் சொன்னார்கள்.

புதிய நிறுத்தத்துக்குச் சற்று முன்னால், வண்டிகள் திரும்புவதற்காகத் தடத்தின் ஓரக்கல்லை வெட்டிவிட்ட இடத்தில் கூடினோம். வெயில் ஏறியது. தூரத்தில் பேருந்தின் நெற்றி தெரிந்தது. அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால், சந்துக்குள்ளிருந்து ஒரு இன்ஜின் உறுமியது. சொந்த வண்டியின் சத்தம் யாருக்கும் தெரியும். திரும்பினேன். எங்கள் வேன்தான். ஓட்டுகிற இடத்தில் என் தம்பி மகன். ஊரே அவனை மிளகாய் என்றுதான் கூப்பிடும். வேனின் மூக்கு நேராக, ஓரக்கல்லை வெட்டிவிட்ட அந்த இடத்தைப் பார்த்திருந்தது.

“டேய், அணைடா வண்டிய!” என்று கத்தினேன்.

“நகருங்க பெரியப்பா! குறுக்க போட்டுட்டா இன்னியோட இந்த வழித்தடக் கதை முடிஞ்சுது!”

“ஓட்டிட்டு வர்றது உன் அக்காடா!”

இன்ஜின் இரைச்சலில் அது அவன் காதில் விழவில்லை. கொடி பிடித்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. வேன் புறப்பட்டது. ஓடிப்போய்த் தடத்தின் விளிம்பில் நின்று, அவனைப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.

வேன் நின்றது. முன்சக்கரம் ஒன்று மட்டும் சிவப்பில் ஏறியிருந்தது.

எனக்குப் பின்னால் காற்று பீறிடும் சத்தம் கேட்டது. பேருந்தும் நின்றுவிட்டது.

“அப்பன்னா இவரு அப்பன்!” என்று கூவினார் சங்கத் தலைவர். “ஒரு கையைத் தூக்கினாரு, அரசாங்கமே நின்னுபோச்சு!” சுற்றிலும் கைதட்டல். எவனோ என் தோளில் துண்டைப் போட்டான்.

அந்தப் பேருந்துக்குப் படிக்கட்டு கிடையாது. மேடை இல்லாத இடத்தில் இறங்க முடியாது. அதிகாரி அம்மாள் ஓட்டுநர் ஜன்னல் வழியாகவே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, என் மகள் பக்கம் திரும்பினார்.

“எதுக்கும்மா நிறுத்தினே?”

மகள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்தாள். “கை காட்டினாங்க மேடம்.”

“யாரு?”

அவள் பார்வை ஒரு கணம் என் பக்கம் வந்து, உடனே சாலைக்குத் திரும்பியது.

“இதைத்தானே மாசக்கணக்கா சொல்லிக் கொடுத்தோம்? எழுந்திரு. மாத்து டிரைவர் எடுக்கட்டும்.”

மகள் பெல்ட்டைக் கழற்றக் கையைக் கொண்டுபோனாள். நான் தோளிலிருந்த துண்டை எடுத்து அதைப் போட்டவனிடமே கொடுத்தேன்.

“அம்மா, ஒரு நிமிஷம். நான் அவளோட அப்பன். நான் நிறுத்தினது உங்க பஸ்ஸ இல்ல, அந்த வேன. உங்க தடத்துக்குள்ள பாய வந்துச்சு.”

தலைவர் என் முழங்கையைப் பிடித்தார். “அண்ணே, வாய மூடுங்க. பையன் உள்ள போயிடுவான். இப்பதான் ஊரே உங்களத் தூக்கி வச்சிருக்கு.”

கையை உதறினேன்.

“ஓரமா நிக்கிற வண்டி மாதிரிதானே தெரியுது?” என்றார் அதிகாரி.

“முன்சக்கரம் எங்க நிக்குதுன்னு பாருங்க. வேன் என் வீட்டு வேன். ஓட்டினது என் தம்பி மகன். ஒருத்தனும் தடத்துல கால் வைக்கமாட்டான்னு வாக்குக் கொடுத்தது நான். தப்பு எங்க மேல. அவ மேல இல்ல.”

கைதட்டல் எப்போதோ அடங்கியிருந்தது. அதிகாரி சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் மகளை.

“குறுக்க வண்டி பாய்ஞ்சா நிறுத்தலாம். அதுக்கு விதி இருக்கு. உக்காரு. எடு.”

மகள் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு ஜன்னல் வழியே குனிந்தாள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

“அப்பா, தடத்த விட்டு இறங்குங்க.”

அந்தத் தொனியில் என்னிடம் யாரும் பேசியதில்லை. இறங்கினேன். பேருந்து என்னைக் கடந்து போய்ப் புதிய மேடையை ஒட்டி நின்றது.

ஆய்வாளர் இரண்டு காவலர்களோடு வேனை நோக்கி நடந்தார். நான் அவருக்கு முன்னால் போய்விட்டேன். மிளகாயின் முகம் வெளுத்திருந்தது.

“காட்டிக் குடுத்துட்டீங்களே பெரியப்பா.”

“நகர்ந்து உக்கார். நான் ஓட்டறேன்.”

“எங்க?”

“ஸ்டேஷனுக்கு. நம்ம வீட்டுப் பையன் போலீஸ் ஜீப்ல ஏறிப் போனதா இருக்கக் கூடாது.” காவலர்களைப் பார்த்துச் சொன்னேன், “நீங்க பின்னாடி ஏறுங்க. கதவ நல்லா இழுத்துச் சாத்துங்க, பாதி வழியில திறந்துக்கும்.”

அவர்கள் ஆய்வாளரைப் பார்த்தார்கள். ஏறிக்கொள்ளும்படி அவர் தலையசைத்தார். நான் வேனைப் பின்னால் எடுத்துச் சிவப்பிலிருந்து சக்கரத்தை இறக்கினேன்.