மில் சத்தம் அடங்கியபோது

அரவைக் கூடத்தில் யாரும் யாரோடும் வாயால் பேசிக்கொள்வதில்லை. பேசினாலும் காதில் விழாது. தண்ணீரைத் திறக்க வேண்டுமென்றால் மணிக்கட்டைத் திருகிக் காட்ட வேண்டும். மேலாளர் வருகிறார் என்றால் வயிற்றுக்கு முன்னால் கையால் ஒரு பெரிய வட்டம் போட வேண்டும். மேலாளரின் தொந்தி அப்படி. பக்கத்து ஆள் வீட்டில் நடந்த சண்டையைக்கூட இரண்டு கையசைப்பில் சொல்லி, பார்த்தவன் சிரித்து, சம்பந்தப்பட்டவன் முறைத்து, எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும்.

காரணம், அங்கே வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும் மில்கள். பெயர் பால் மில். குண்டுக்கு ஆங்கிலத்தில் பால்; குடிக்கிற பாலுக்கும் அதற்கும் எந்த ஸ்நானப் பிராப்தியும் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு வீட்டையே படுக்கவைத்துச் சுற்றவிட்டது போன்ற இரும்பு உருளை. சுரங்கத்திலிருந்து வரும் தாதுக்கல், நொறுக்கப்பட்டுத் தண்ணீரோடு ஒரு பக்கம் உள்ளே போகும். உள்ளே கிடக்கும் இரும்புக் குண்டுகள் உருளையோடு மேலே ஏறி, தலைகுப்புற விழுந்து, கல்லை மாவாக அரைக்கும். மறுபக்கம் சாம்பல் நிறக் கூழாக வழியும். குண்டு கல்லின் மேல் விழுந்தால் அரவை. கல்லைத் தாண்டிப் போய், உருளையின் உட்சுவரில் பதித்த எஃகுத் தகட்டின் மேல் விழுந்தால் வெறும் சத்தம். அந்தத் தகட்டுக்கு லைனர் என்று பெயர். வருடக்கணக்காக அந்த லைனரைப் பற்றியே பேசிப் பேசி எல்லோர் கழுத்தையும் அறுத்ததால், அரவைப் பிரிவு இன்ஜினியருக்கும் லைனர் சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

லைனர் சாரின் யோசனை எளிமையானதுதான். எஃகுத் தகட்டுக்குப் பதில் தடித்த ரப்பர் பதிக்க வேண்டும். குண்டுகளை மேலே தூக்கிவிடும் மேடுகளின் சரிவையும் மாற்ற வேண்டும். அப்போது குண்டுகள் அநாவசியமாகப் பறந்து சுவரில் மோதாமல், கல் குவிந்திருக்கும் இடத்திலேயே போய் விழும். மின்சாரம் மிச்சம், தேய்மானம் குறைவு, தகடு மாற்றுவதற்காக மில்லை நிறுத்திப்போடும் நேரமும் குறைவு. இதையெல்லாம் மேலாளரிடம் சொன்னார். போகிற போக்கில், சத்தமும் குறையும் என்றார். உண்மையில் அவருக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசி விஷயம் ஒன்றுதான். மற்றதெல்லாம் அதற்குப் போர்த்திய போர்வை.

மில்லுக்குப் பின்னால்தான் அவருடைய குவார்ட்டர்ஸ். இரண்டு அறை, ஒரு சமையலறை. அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்துக்கொண்டே இருக்கும் என்று மனைவி அடியில் ஒரு துண்டை மடித்து விரித்திருந்தாள். மகள் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு பாடம் படிப்பாள். பிறகு மனைவிக்கு நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. மகளையும் அழைத்துக்கொண்டு போய்விட்டாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. பெட்டிகளை வண்டியில் ஏற்றிக் கொடுத்ததே அவர்தான். இந்த இரைச்சலில் மனுஷன் இருப்பானா, போனதே நல்லது என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார். அவர்கள் போன பிறகு ஒரே ஒரு தட்டைக் கழுவி, அதையே மறுபடி எடுத்துச் சாப்பிட்டு, சட்டைகளை மகளின் நாற்காலியில் போட்டு வைத்து, எப்படியோ காலம் போயிற்று. ஆனால் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் நுழையும்போது நெஞ்சில் ஒரு அடி விழும். அது மட்டும் பழகவே இல்லை.

ஆகவே, மற்றவர்கள் மனைவியைச் சமாதானம் பேசி அழைத்துவர முயல்வது போல, அவர் மில்லைச் சமாதானப்படுத்த முயன்றார். சத்தம் அடங்கினால் அவர்கள் வந்துவிடுவார்கள். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மேலாளர் சிரித்தே தொந்தியைக் குலுக்கியிருப்பார்.

எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. ஷிப்டு போர்மேனுக்கு வெண்கலம் என்று பட்டப்பெயர். அந்தக் கூடத்தில் மில்லை மீறிக் கேட்கும் ஒரே குரல் அவனுடையது. சத்தத்தை வைத்துத்தான் மில் வயிறு நிறைந்திருக்கிறதா, காலியாக ஓடுகிறதா என்று சொல்கிறோம், அதையும் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது என்று அவன் கேட்டான். மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று மீட்டரைப் பார், காதைவிட அது நல்லது என்றார் லைனர் சார். வெண்கலம் அரைமனதாக ஒப்புக்கொண்டான். மேலாளரும், ஒருவழியாக, சரி ஒரு மில்லில் போட்டுத் தொலையுங்கள் என்றார்.

மில்லை நிறுத்தி, குண்டுகளை இறக்கி, சிறிய வாசல் வழியாக உள்ளே புகுந்தார்கள். லைனர் சார் வெளியே நின்று உத்தரவு போடலாம், அவர் நிற்கவில்லை. முழங்காலில் ஊர்ந்து போய், பழைய தகடுகளைக் கழற்றுவதிலிருந்து கடைசி ரப்பர்ப் பாளத்தின் போல்ட்டை முறுக்குவதுவரை கூடவே கிடந்தார். மேடுகளின் சரிவைத் தச்சர் கோணமட்டம் பார்ப்பது போல ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். சொந்த வீடு கட்டுகிறவன்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டான்.

மற்ற மில்களை நிறுத்திவிட்டு, அதை மட்டும் ஓட்டினார்கள். எல்லோரும் இடிமுழக்கத்துக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்கள். இடி வரவில்லை. ஈரத் துணியை அடித்துத் துவைப்பது போல ஒரு மந்தமான ஓசை, அவ்வளவுதான். கூழ் முன்பைவிட நைசாக அரைபட்டு வழிந்தது. மீட்டர் முள் இறங்கி நின்றது. மேலாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று லைனர் சார் தரையில் கால் பாவாமல் வீட்டுக்குப் போனார்.

மற்ற மில்களுக்கும் ரப்பர் வந்தது. கூடம் அடங்கியது. பிறகு நடந்ததைத்தான் அவர் எதிர்பார்க்கவில்லை.

ஆட்கள் வாயால் பேச ஆரம்பித்தார்கள். முதலில் பழக்கதோஷத்தில் கத்தினார்கள், பிறகு தங்கள் கத்தலைக் கேட்டுத் தாங்களே சிரித்தார்கள், பிறகு சாதாரணமாகப் பேசினார்கள். மணிக்கட்டைத் திருகுவதும் வயிற்றுக்கு முன்னால் வட்டம் போடுவதும் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தன. வாய் இருக்கும்போது கை எதற்கு? வெண்கலம்கூடக் குரலை இறக்கிவிட்டான். வீட்டில் பெண்டாட்டி சந்தோஷப்படுகிறாள் என்று எல்லோரும் அவனைக் கேலி செய்தார்களாம். அந்தக் கேலி லைனர் சாருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், வாய்கள் அசைகின்றன, முகங்கள் சிரிக்கின்றன, தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதுதான். கூடவே சிரித்து வைத்தார். யாராவது முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்டால், சரி சரி என்றார். அந்தக் கூடத்தில் இத்தனை வருடம் அவரும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தார். இப்போது அவர் மட்டும் தனியாக நின்றார்.

மகளின் குரல் போனில் ஒரே கொரகொரப்பாக இருந்தது. முன்பெல்லாம் மில் சத்தத்தின் மேல் பழியைப் போட்டு வைத்துவிடுவார். இப்போது போனின் மேல் போட்டார். புதுப் போன் வாங்கினார். புதுப் போனும் கொரகொரத்தது. வருடா வருடம் காது சோதிக்க வண்டி வரும் நாளில் தனக்கு மட்டும் எப்படி எப்போதும் அவசர வேலை வந்தது என்று அன்றைக்குத்தான் யோசித்தார். யோசிக்கப் பிடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

நிறுத்த முடியாதபடி மில்லே செய்தது. ஒரு காலையில் மில் ஓட்டுபவன் அவரைத் தாண்டிப் போகும்போது ஏதோ கேட்டான். சரி என்றார். அவன் கேட்டது, கல்லை இன்னும் கூட்டலாமா என்று. கூட்டினான். மில்லுக்கு வயிறு முட்டி, அரைக்க முடியாமல், கல்லும் கூழும் வாய்ப்பக்கமே திரும்பி வழிந்து கூடமெல்லாம் முழங்கால் அளவுக்கு நின்றது. எல்லோருமாக மண்வெட்டி எடுத்து வாரினார்கள். நான்தான் தப்பாகக் கணித்துவிட்டேன் என்று லைனர் சார் மேலாளரிடம் சொல்லிவிட்டார். அவர் மேல் இருந்த மதிப்பில் யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் மண்வெட்டியோடு குனிந்திருந்தபோது அவருக்குப் பயம் வந்தது. மில்லால் வந்த பயமில்லை. இந்தச் சரியை நான் இன்னும் எங்கெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்ற பயம்.

ஆனாலும் ஆசை விடவில்லை. சத்தம் அடங்கிவிட்டது, வந்து பாருங்கள் என்று மனைவிக்குச் செய்தி அனுப்பினார். பள்ளி விடுமுறையில் இருவரும் வந்தார்கள்.

மகள் அவர் தோளுக்கு வளர்ந்திருந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்து, அலமாரி டம்ளர்களைத் தொட்டுப் பார்த்து, அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். மனைவியும் வாசலில் நின்று மில் இருக்கும் திசையைப் பார்த்துத் தலையாட்டினாள். லைனர் சாருக்குப் பெருமை பிடிபடவில்லை. இருவரையும் உட்காரவைத்து, ரப்பர், சரிவு, குண்டு விழும் இடம் என்று ஒரு மூச்சு பேசித் தீர்த்தார். பேசுவது அவராக இருக்கும்வரை சங்கடமே இல்லை. மகள் நடுவில் இரண்டு முறை ஏதோ கேட்டாள். அவர் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். மகள் எழுந்து உள் அறைக்குப் போய்விட்டாள். அவள் முகம் வாடியதை அவர் பார்த்தார், ஏனென்று தெரியவில்லை.

மதியம் மனைவி சமையலறையில் முதுகைக் காட்டி நின்று தாளித்துக்கொண்டிருந்தாள். அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவள் தோள் லேசாக அசைவதைப் பார்த்தார். பேசுகிறாள். சரி என்ற சொல் தானாக நாக்கு நுனிக்கு வந்தது. மில் வாயிலிருந்து திரும்பி வழிந்த கூழ் ஞாபகம் வந்தது. சொல்லை விழுங்கிக்கொண்டு எழுந்து, அடுப்புக்கு அந்தப் பக்கம், அவள் முகம் தெரியும் இடத்தில் போய் நின்றார்.

"எனக்குக் கேக்கல. மறுபடி சொல்லு."

அவள் வாய் உப்பு என்றது. உப்பு டப்பா எங்கே என்று கேட்டிருக்கிறாள்.

"அதில்ல," என்றார் அவர். "எனக்குக் காதே கேக்கல. ரொம்ப நாளாவே கேக்கல போல. சத்தம் நின்ன பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது."

மனைவி அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டாள்.

"அப்போ, அன்னைக்கு நான் கேட்டது?"

எந்த அன்றைக்கு என்று அவருக்குத் தெரியவில்லை.

"இதே இடத்துல நின்னுதான் கேட்டேன். வேலை கெடச்சிருக்கு, ஆனா நீங்க போகாதேன்னு சொன்னா நான் போகல, நாங்க போறது உங்களுக்குச் சரியான்னு கேட்டேன். தட்டுலேர்ந்து தலையைக்கூட நிமித்தல. சரின்னுட்டீங்க."

அவர் அந்த நாளைத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. சோறு, தட்டு, மில் இரைச்சல், அவள் முதுகு. எல்லா நாளும் அப்படித்தான் இருந்தது.

"சத்தம் தாங்காமதான் போனீங்கன்னு நெனச்சேன்," என்றார்.

"அந்தச் சத்தத்துலதானேங்க இவளைப் பெத்து வளத்தேன்," என்றாள் அவள். "சத்தத்துக்கு யாராவது குடும்பத்தை விட்டுப் போவாங்களா?"

அவருக்கு இத்தனை வருடம் ரப்பரையும் சரிவையும் கட்டிக்கொண்டு அழுதது எதற்கு என்று தெரியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

"போகாதேன்னுதான் சொல்லியிருப்பேன். கேட்டிருந்தா போகாதேன்னுதான் சொல்லியிருப்பேன்."

எவ்வளவு உரக்கச் சொன்னார் என்பது அவருக்குத் தெரியாது. உள் அறையிலிருந்து மகள் ஓடிவந்ததையும், எதிர்வீட்டு ஜன்னல் திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்ததையும் வைத்துத்தான், தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது என்று புரிந்துகொண்டார். பரவாயில்லை என்று நினைத்தார். மகள் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவர் அவள் உதடுகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இந்த முறை எதையும் தவறவிடக்கூடாது என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். அவள் அவருக்காகவே நிறுத்தி, மெதுவாக, நன்றாக வாய் திறந்து சொன்னாள்.

"இப்ப எங்களுக்கு அங்கயே பழகிடுச்சுங்க."

அதில் ஒரு சொல்கூட அவருக்குத் தப்பவில்லை.