ஒன்பதாம் எண் செருப்பு

வலது செருப்பு கொஞ்சம் திரும்பிக் கிடக்க வேண்டும், இடது நேராக, ஓர் ஆண் இப்போதுதான் உதறிவிட்டு உள்ளே போனதுபோல, வீட்டுக்காரம்மா பூங்காவனம் இடுப்பில் கை வைத்து நின்று பார்க்கிறாள், அவ்ளோ ஒழுங்கா வெக்காதம்மா, எந்த ஆம்பள ஜோடி சேத்து வுடுவான் என்று காலால் ஒன்றைத் தள்ளிவிடுகிறாள், இப்ப பாரு, இப்பத்தான் ஆம்பள இருக்கற வீடு, அவள் சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன், சிரித்து வெகுநாள் ஆகிவிட்டதால் அந்தச் சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து வந்ததுபோல் இருக்கிறது. கதவுக்கு மேலே அரைவட்டமாகப் பச்சையும் சிவப்புமான கண்ணாடி, காலை வெயில் அதன் வழியே இறங்கித் தரையில் நிறம் கொட்டுகிறது, அந்த நிறத்தில் வெறுங்காலோடு நின்றபடி நினைத்துக்கொண்டேன், வந்து சேர்ந்துவிட்டேன், இனி என்னை யாரும் கண்டுபிடிக்க முடியாது. செருப்பை முந்தின நாள்தான் நடைபாதைக் கடையில் வாங்கினேன், கட்டைவிரலுக்கு வளையம் வைத்த பழுப்புத் தோல் செருப்பு, சைஸ் என்ன என்றான் கடைக்காரன், ஒன்பது என்றேன், யோசிக்கவே இல்லை, வாய் சொன்னது, பாதி தூரம் நடந்த பிறகுதான் அது யாருடைய காலின் அளவு என்று உறைத்து அப்படியே நின்றேன், திரும்பிப் போய் மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை, யாரும் போட்டுக்கொள்ளப்போகிற செருப்பு இல்லையே.

எத்தனை வீடு பார்த்தேன், பார்த்ததெல்லாம் இப்போது ஒரே வீடாகக் கலந்துவிட்டது, கனவில் அது முடிவில்லாமல் நீளுகிறது, அறைக்கு ஒருவர் உட்கார்ந்துகொண்டு தனியாவா என்று கேட்கிறார், தனியாகத்தான் என்கிறேன், அடுத்த அறையின் கதவு மூடிக்கொள்கிறது. புரோக்கர் ஒருநாள் ஊருக்கு வெளியே புதிதாக எழும்பிய அடுக்குமாடி ஒன்றைக் காட்டினான், சுற்றிலும் காலிமனை, வேலிக்காத்தான், மேடம் இங்க ஒரு ஈ காக்கா வராது, நிம்மதியா இருக்கலாம், ஈ காக்கா வராத இடத்தில் கத்தினால் யாருக்குக் கேட்கும், அதை நான் அவனிடம் கேட்கவில்லை, அந்த நிம்மதி எனக்குப் பதினோரு வருடம் கிடைத்திருக்கிறது, கரூர்ப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே இருந்தது எங்கள் வீடு. என் கணவர் கனகவேல் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை, அடிக்க வேண்டும் என்று தோன்றினால், அம்மிணி, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க என்பார், நானே எழுந்து போய்ச் சாத்த வேண்டும், சாத்திவிட்டுத் திரும்பி வருகிற அந்த ஏழெட்டு அடிகளை இப்போதும் என் கால்கள் நடந்துகொண்டிருக்கின்றன. ஒருமுறை என் புத்தகங்களையெல்லாம் அள்ளித் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, ஊறட்டுமுங்க அம்மிணி, படிச்சுப் படிச்சு வறண்டு கெடக்குது என்றார், தோப்பில் வேலை செய்தவர்கள் சிரித்தார்கள், நல்ல வேடிக்கைக்கார முதலாளி. அதனால் எனக்கு வேண்டியிருந்தது சுவரோடு சுவர் ஒட்டிய தெரு, ஒரு வீட்டில் தாளித்தால் மறு வீட்டில் தும்மல் வருகிற தெரு, சிந்தாதிரிப்பேட்டையில் அது கிடைத்தது, நூறு வயதான வீடுகள், மரத்தூண்கள், எந்நேரமும் வாசலில் யாராவது நிற்கிறார்கள், யாராவது யாரையாவது கூப்பிடுகிறார்கள். வீட்டுக்காரர் இன்னா பண்றாரு என்று பூங்காவனத்தம்மா கேட்டாள், அந்தக் கேள்வியில்தான் ஏழு வீடு போயிருந்தது, மஸ்கட்ல இருக்காருங்க என்றேன், அவள் முகம் விரிந்தது, அட அப்ப நம்ம புள்ளன்னு சொல்லு, வா வா, மின்னாடி போர்ஷன எடுத்துக்கோ, ஆனா வாசல்ல ஒரு ஆம்பளச் செருப்பு கெடக்கட்டும், போறவன் வர்றவனுக்கு ஒரு பயம் இருக்கும்.

அந்தத் தெரு என்னைப் பார்த்துக்கொண்டது, அதை நான் மறைக்கக் கூடாது, ஒரு மாலை, ரயில் நிலையத்திலிருந்து ஒருவன் என் பின்னாலேயே வந்தான், தெருமுனைக்கு வந்ததும் டெய்லர் ஏகாம்பரம் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே கடையை விட்டு இறங்கினார், யார்றா நீ, இன்னா வோணும், எதிரே இஸ்திரி போடுகிறவரும் வந்தார், மாடியிலிருந்து ஒரு பெண் வாளித் தண்ணீரை ஊற்றினாள், அவன் நனைந்துகொண்டே ஓடினான், நீ போம்மா தங்கச்சி, நாங்க எதுக்கு இருக்கோம் என்றார் ஏகாம்பரம், அன்று அறைக்குள் போய் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன், பயத்தில் இல்லை, என் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு தெரு என் பக்கம் நின்றது. பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலை, நாளெல்லாம் பிறர் செய்த பிழைகள், வீட்டுக்கு வந்தால் ஜன்னலோரம் மௌனம், யாரும் பேசு என்று வற்புறுத்தவில்லை, ஞாயிறு மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தால் மட்டும் வாசலில் கிடக்கும் செருப்பு தானாக நேராகிக்கொள்ளும் சத்தம் கேட்கும், எழுந்து போய்ப் பார்ப்பேன், அது திரும்பித்தான் கிடக்கும். சாவி ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும்மா, ஆத்திர அவசரத்துக்கு என்று பூங்காவனத்தம்மா வாங்கி வைத்துக்கொண்டாள், சந்தோஷமாகக் கொடுத்தேன், என் சாவி இன்னொருத்தியிடம் இருக்கிறது என்பதே ஒரு பாதுகாப்பாக இருந்தது. விலாசம் மட்டும் ஒருவனிடம் சொன்னேன், என் அண்ணனிடம், ஒருவரிடமாவது சொல்லாமல் இருக்க முடியாமல்.

ஐந்தரை மணி வெயில், தெருமுனையில் பூக்காரி கூப்பிடுகிறாள், ரெண்டு முழம் அளந்து தானே என் தலையில் சொருகிவிடுகிறாள், இன்னிக்குக் காசு வாணாம் போ, என்ன விசேஷம் என்கிறேன், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், டெய்லர் ஏகாம்பரம் கடையிலிருந்தே கத்துகிறார், இன்னா தங்கச்சி, சொல்லவேயில்ல பாரு, மச்சான் வந்து மூணு மணி நேரம் ஆவுது, என்கிட்டதான் வீடு கேட்டாரு, மஸ்கட்டா சார்னேன், ஒரு நிமிசம் என்னையே பாத்தாரு, அப்பறம், ஆமாங்கண்ணா, இப்பத்தானுங்க எறங்கி வர்றேன்னாரு, இன்னா மரியாத, இன்னா பணிவு, நான்தான் கைய புடிச்சு இட்டாந்து வுட்டேன். நான் நின்றிருக்க வேண்டும், கால் நிற்கவில்லை, தெருவே சிரித்த முகத்தோடு என்னை வீட்டை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது, வாசலுக்கு வந்தேன், இரண்டு ஜோடி கிடந்தன, ஒரே பழுப்பு, ஒரே அளவு, எது நான் வாங்கியது என்று ஒரு கணம் தெரியவில்லை, பிறகு தெரிந்தது, ஒரு ஜோடி மட்டும் ஒழுங்காக, விளிம்போடு விளிம்பு சேர்த்து விடப்பட்டிருந்தது, அவர் எப்போதும் அப்படித்தான் விடுவார். பூட்டிவிட்டுப் போன என் கதவு திறந்திருக்கிறது, உள்ளே காபி ஆற்றும் சத்தம், பூங்காவனத்தம்மாவின் குரல், பொண்டாட்டி ஊர்ல பாதியில வுட்டுட்டு வந்த புஸ்தகத்தக்கூட எடுத்தாந்துருக்கீங்களே, அந்தக் குரல் பதில் சொல்கிறது, அதுக்குப் படிக்கிலீன்னா தூக்கம் வராதுங்கம்மா, சரி சரி, அது வந்ததும் நான் எறங்கிக்கறேன், நீங்க கதவச் சாத்திக்கினு நிம்மதியாப் பேசிக்கினு இருங்க என்று அவள் சிரிக்கிறாள். நான் திரும்பினேன், எங்கம்மா மறுபடியும் என்றார் ஏகாம்பரம், என் வாய்தான் பொய்க்குப் பழகியிருந்ததே, அவருக்கு மீனுன்னா உசுரு, மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வந்துடறேன், அட நான் பையன அனுப்பறேன், நீ போய் மூஞ்சக் காட்டு, இல்லீங்கண்ணா, நானே பாத்து வாங்கினாத்தான் அவருக்குப் புடிக்கும், தெரு முழுக்கச் சிரித்தது, போ போ, நல்ல வஞ்சிரமா பாத்து வாங்கு, அந்தச் சிரிப்பு விலகி வழி விட்டது, மீன் மார்க்கெட்டின் ஈரத்தில் நடந்து, ரயில் நிலையப் படியேறி, முதலில் வந்த வண்டியில் ஏறினேன், எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவில்லை, பெட்டி முழுக்க என் தலையிலிருந்து மல்லிகை வாசனை அடித்தது, எதிரே உட்கார்ந்திருந்தவள் என்ன விசேஷம் என்பதுபோல் பார்த்தாள்.

மூன்றாம் நாள் பூங்காவனத்தம்மா போனில் அழுகிறாள், ஏம்மா இப்படிப் பண்ணிட்ட, மனுசன் போவ மாட்டேன்னு உக்காந்துக்கினு இருக்காரு, வாசல்ல கெடந்த அந்தச் செருப்பப் போட்டுப் பாத்தாரும்மா, அளவெடுத்தாப்புல இருந்துச்சு, பாருங்க, என் அளவுலயே வாங்கி வெச்சுருக்குது, மனசுல நான் இல்லாமயா இருப்பேன்னு கண்ணு கலங்கிட்டாரு, எங்களுக்கும் அழுகையா வந்துடுச்சு, இப்ப அதத்தான் போட்டுக்கினு கடைக்கிப் போய் வராரு, தெருவுல அத்தினி பேருக்கும் அவரப் புடிச்சுப்போச்சு, எங்க இருக்கன்னு மட்டும் சொல்லும்மா, நான் சொல்ல மாட்டேன், சத்தியமா சொல்ல மாட்டேன், பின்னால் யாரோ மெதுவாக மூச்சு விடுவது கேட்டது, போனை அணைத்தேன், அந்த எண்ணை அதோடு விட்டேன். அவர்களை வெறுக்க ஒரு காரணம் தேடித் தேடிப் பார்க்கிறேன், அந்நியனிடமிருந்து அவர்கள் என்னைக் காப்பாற்றினார்கள், புருஷன் எப்படி அந்நியனாவான், அந்தத் தெருவில் அதற்கு ஒரு வார்த்தை இல்லை, என்னிடம் இருந்ததை நானும் சொல்லவில்லை. இப்போது ஈ காக்கா வராத அதே அடுக்குமாடியில் பதினோராவது மாடி, கீழே அதே காலிமனைகள், எதிர்வீட்டுக் கதவு திறந்து நான் பார்த்ததில்லை, என் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது, கத்தினால் யாருக்கும் கேட்காது. வாசலில் எந்தச் செருப்பும் இல்லை, வேலை விட்டு வந்ததும் என்னுடையதையும் உள்ளே எடுத்துக்கொண்டு தாழ் போடுகிறேன், கதவை ஒட்டிக் கீழே வைக்கிறேன், வலதும் இடதும் நேராக, ஜோடி சேர்த்து, முனை இரண்டும் கதவைப் பார்க்க, கால் நுழைத்தால் ஓட ஆரம்பிக்கலாம்.