மாப்பிள்ளை இல்லாத மொய்

ஊரார் உத்திராபதிக்குத் திருப்பித் தரவேண்டிய மொய் முப்பத்தெட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். முப்பது வருஷமாக அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அவர் வைத்தது. தம் வீட்டில் விசேஷம் வைத்தால்தான் அது திரும்பும். ஒரே மகள் கலையரசிக்கு வயது முப்பத்தெட்டு. கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

"ஒங்க மொய்யெல்லாம் ஆப்பிரிக்காவுக்குப் போயிருச்சு மச்சான்" என்று டீக்கடையில் சிரித்தான் மச்சினன் செல்லதுரை. அவன் பங்கு மட்டும் ஐயாயிரம்.

பணம் போனால் போகட்டும். அரியலூரில் சிமெண்ட் மூட்டை சுமந்து படிக்க வைத்த பெண்ணுக்கு விசேஷமே கிடையாது என்று ஊர் முடிவு கட்டியதுதான் அவருக்கு உறுத்தியது. கவர்மெண்ட் பள்ளிக்கூடத்திலிருந்து டெல்லி, அங்கிருந்து கென்யா. வெள்ளைக்காரன் ஆப்பிரிக்காவை ஆண்ட கதையைப் பதினோரு வருஷம் தோண்டி, பேராசிரியையாகி, இப்போது புத்தகமும் போட்டுவிட்டாள். ஐம்பது வயதில் எழுத்துக் கற்ற உத்திராபதி, அழைப்புப் பத்திரிகைக்குத் தாமே எழுதிக் கொடுத்தார்: 'என் மகள் புத்தகம் எழுதிய விசேஷம். மொய் உண்டு.'

மண்டபத்துக்கு ஊர் வந்தது, சாப்பிட்டது. மொய் மேசைப் பக்கம் மட்டும் ஒருவரும் போகவில்லை. தாய்மாமன் வைக்காமல் எவன் முதலில் வைப்பான்?

"மாப்புள இல்லாத விசேஷத்துக்கு எந்த ஊர்ல மச்சான் மொய் வச்சாங்க? அப்படி என்னதான் எழுதிக் கிழிச்சிருக்கா?" என்றான் செல்லதுரை.

கலையரசியே எழுந்து வந்தாள். "குடிசை வரி மாமா. ஒரு குடிசைக்கு இவ்வளவுன்னு வெள்ளக்காரன் போட்டான். பணத்துக்கு அவன் தோட்டத்துல கூலிக்குப் போயித்தானே ஆவணும்?"

"ஒருத்தனும் டிமிக்கி குடுக்கலியா?"

"குடுத்தாங்களே! ரெண்டு மூணு குடும்பம் ஒரே குடிசையில நெருக்கிப் படுத்துக்கும். எண்ண வர்றவனுக்கு ஒரு குடிசைதானே!"

பந்தியே சிரித்தது. "நம்மாளுங்கதான்!" என்றது ஒரு குரல்.

செல்லதுரை சிரிக்கவில்லை. "இத வெள்ளக்காரனா எழுதி வச்சான்?"

"குடிசை கொறஞ்சுதுன்னு மட்டும் எழுதினான். ஏன் கொறஞ்சுதுன்னு அந்த ஊருக் கெழவிங்ககிட்ட அவங்க பாஷையில கேட்டு நாந்தான் எழுதுனேன்."

உத்திராபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். மூட்டை சுமந்த முதுகு சுரீரென்றது. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

செல்லதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேசைக்குப் போனான். "எழுதுய்யா. தாய்மாமன் செல்லதுரை, உடையார்பாளையம், ஐயாயிரம். என்ன விசேஷம்னு மேல தெளிவா எழுது."

அவன் பின்னால் வரிசை வாசல்வரை நீண்டது. சாயங்காலம் உத்திராபதி பழைய மொய் நோட்டைத் திறந்து, ஒவ்வொரு பெயராகத் தாமே கோடு போட்டு அடித்தார். ஒன்றும் மிச்சமில்லை.